கார்லைலின் இடது பக்கம்

கார்லைல் இயர்வுட் மட்டையைப் பிடித்து நிற்பதை முதல்முறை பார்க்கிற யாரும் அவர் இன்னும் ஆடத் தயாராகவில்லை என்றுதான் நினைப்பார்கள். நெஞ்சு முழுவதும் பந்துவீசுகிறவனைப் பார்த்துத் திரும்பியிருக்கும். இடது கால் தொலைந்துபோன செருப்பைத் தேடுகிற மாதிரி வெளியே விலகிக் கிடக்கும். மூன்று ஸ்டம்புகளும் பட்டவர்த்தனமாகத் தெரியும். முகத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் இடப்பக்கமாகத் திருப்பி, பஸ் வருகிறதா என்று பார்க்கிற ஆள் போல நிற்பார். பந்து கையை விட்டுக் கிளம்பிய பிறகுதான் அந்த இடது கால் குறுக்கே வந்து விழும், கதவை அடித்துச் சாத்துவதைப் போல. அதனால் எங்கள் ஊரான மார்ல்பிட்டில் அவருக்குப் பெயர் 'கதவு'.

சந்துகளில் ஆடும் பிள்ளைகள் அத்தனை பேரும் அப்படியே நிற்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கதவைத் திறக்கத் தெரிந்ததே தவிர நேரத்துக்குச் சாத்தத் தெரியவில்லை. பந்து நேராக உள்ளே போய் ஸ்டம்பில் இடிக்கும். பள்ளி அணியைப் பழக்கும் பிளென்மன் சார் எல்ரிக்கின் ரம் கடைக்கு வந்து புலம்புவார். "பதினோரு பசங்க, பதினோரு கதவு. காத்தாட உள்ள வந்து காத்தாட வெளிய போகுது பந்து. எல்லாம் அந்த பஸ்காரன் கார்லைல் பண்ற வேலை."

"கார்லைல் அடிக்கிறான்ல சார்" என்பார் எல்ரிக், டோமினோக் கட்டையை மேசையில் அறைந்தபடி.

கப்பல் வேலையிலும் கப்பல் நிற்கும் ஊர்களிலுமாகப் பல வருடம் சுற்றிவிட்டு, கரும்பு வெட்டு முடிகிற சமயத்தில் நான் ஊர் திரும்பியிருந்தேன். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே மைதானத்துக்குப் போனேன். கார்லைல் என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, எனக்கு மாமா. என் நினைவில் இருந்த கார்லைல் மாமா இடது தோளை முன்னால் காட்டி, உடம்பை ஒருக்களித்து, கதவிடுக்கில் நுழையப் போகிறவர் மாதிரி நிற்பவர். அன்றைக்கு ஆட வந்தவர் வேறு ஆள்.

"மாமா எப்ப இப்படி மாறினார்?" என்று எல்ரிக்கிடம் கேட்டேன்.

"மாறினானா? அவன் எப்பவும் இப்படித்தான்."

"இல்ல எல்ரிக். சைடுல திரும்பி நிப்பார்."

"நீ ஊரெல்லாம் சுத்திட்டு வேற யாரையோ ஞாபகம் வெச்சுட்டு வந்து பேசற. கதவு பொறக்கும்போதே அப்படித்தான் பொறந்தான். அவங்க அம்மாவையே கேளு."

கடையில் இருந்த எல்லோரும் ஆமோதித்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. வருடத்துக்கு அரை அடியாக அவர் திரும்பியிருக்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது தெரியவில்லை.

காரணம் என்ன என்பதை மறுநாள் பஸ்ஸில் பார்த்தேன்.

மாமா சிறு வயதில் கரும்பு வெட்டியவர். பிறகு கரும்பு லாரி ஓட்டினார். பிறகு இருந்ததையெல்லாம் போட்டு ஒரு மஞ்சள் மினிபஸ் வாங்கினார். மார்ல்பிட்டிலிருந்து கிராஃப்டன் வழியாக ஸ்பைட்ஸ்டவுன் வரை அதுதான் எங்களுக்கு வண்டி. மாமாவின் மனைவி அல்தியா அத்தைதான் கண்டக்டர். கல்யாணத்துக்கு முன்னால் பள்ளிக்கூட வாசலில் மீன் பொரித்து விற்றவள். நாலு பிள்ளைகள் ஒரே நேரத்தில் கையை நீட்டினாலும் யார் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்று தெரிந்தவள். பஸ்ஸைப் பின்னால் எடுத்து வீட்டு முற்றத்துக்குள் நுழைப்பது மாமாவைவிட அவளுக்கு நன்றாக வரும். லைசென்ஸும் வைத்திருந்தாள்.

அன்று காலை வண்டி கிளம்பும்போதெல்லாம் அவள் வாசலில் தொங்கிக்கொண்டு, "இடது சரி" என்று கத்தினாள். எந்தக் கண்டக்டரும் கத்துவதுதான். ஆனால் அவள் நடுச்சாலையிலும் கத்தினாள். "இடதுல சைக்கிள்." "இடதுல ஆடு." "இடதுல மிஸஸ் ஃபோர்ட், குடை விரிச்சிருக்கா." பாட்டுச் சத்தத்தையும் மீறிக் கத்தினாள். கிராஃப்டன் தாண்டி, ஒரு பயணி நீட்டிய உப்பு ரொட்டியையும் மீன் வடையையும் வாங்கி ஒரு வாய் கடித்தாள். அந்த ஒரு வாய்க்குள் இடது சக்கரம் நடைபாதைக் கல்லில் ஏறி இறங்கியது. பின்னால் இருந்த கிழவர், "கார்லைல், ரோடு இந்தப் பக்கம்ப்பா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. மிச்ச ரொட்டியை ஜன்னல் வழியாக எறிந்துவிட்டு, "இடது சரி" என்றாள்.

சனிக்கிழமை அவள் பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன்.

"அத்தை, மாமாவுக்கு இடது கண்ணு தெரியுதா?"

அவள் குழாயை மூடவில்லை. தண்ணீர் சக்கரத்தில் அடித்துக்கொண்டே இருந்தது.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. அவர் நிக்கிறதப் பார்த்தேன்."

"ஊர் பூரா பார்க்குது. நீ மட்டும் என்னத்தப் பார்த்தே?"

என் இடது கண்ணைக் கையால் பொத்திக் காட்டினேன். அவள் குழாயை மூடினாள்.

"கண்ணுக்குள்ள அழுத்தம். அவங்க அப்பாவுக்கும் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாப் போச்சு, இப்போ சுத்தமா இல்ல. வலது நல்லாருக்கு, மருந்து ஊத்தறேன். வெளிய தெரிஞ்சா லைசென்ஸைப் புடுங்கிடுவாங்க. ஒத்தக் கண்ணுக்காரன் ஆளேத்தி ஓட்டக் கூடாது."

"நீங்க ஓட்டலாமே."

"அதத்தான் ரெண்டு வருஷமாச் சொல்றேன். 'அப்ப நான் யாரு'ன்னு கேக்கறார். அதுக்கு என்னத்தச் சொல்ல?" அவள் வாளியைத் தூக்கினாள். "நான்தான் இருக்கேனே. அவர் இடது நான்."

"ஒரு வாய் ரொட்டி சாப்பிட முடியல உங்களால."

"ரொட்டி சாப்பிடாம யாரும் செத்ததில்ல" என்றாள். ஆனால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

கோப்பைக்கான இறுதி ஆட்டம் கிராஃப்டனோடு என்று முடிவானபோது அவள்தான் முதலில் பயந்தாள். கிராஃப்டனில் டென்சில் கடோகன் இருந்தான்.

டென்சில் மீன்பிடிக்கிறவன். இடது கையால் பந்து வீசுவான். அவனுடைய ஓட்டமே நேராக இருக்காது. அம்பயருக்குப் பின்னால் எங்கிருந்தோ நண்டு மாதிரிப் பக்கவாட்டில் வருவான். அம்பயரின் முதுகு அவனைப் பாதித் தூரம் மறைத்துவிடும். கடைசி அடியில் அந்தப் பக்கமாக வெளியே தாவி, கிரீஸின் ஓரத்துக்கும் ஓரத்தில், படகிலிருந்து வலை வீசுவது போல உடம்பைச் சுழற்றி, கை தோளுக்கு மேலே போகாமல் பக்கத்திலிருந்து பந்தை விடுவான். நேராக ஓடக் கற்றுக்கொடுக்கப் பார்த்தவர்கள் உண்டு. நேராக ஓடினால் அவனுக்கு விழுந்துவிடுவோம் போல இருக்குமாம். சின்ன வயதில் அவன் பழகியது கடற்கரையில், சரிவான மணலில்.

வலது கையால் ஆடுகிறவனுக்கு அந்தப் பந்து இடப்பக்கத்திலிருந்து வரும். முழுக்க இடப்பக்கத்திலிருந்து.

ஞாயிறு சர்ச் முடிந்து மைதானத்துக்கு வந்த பஸ்ஸிலேயே அத்தை ஆரம்பித்தாள். "காலு சுளுக்குன்னு சொல்லிடு."

"எந்தக் காலு?" என்றார் மாமா.

"எந்தக் காலா இருந்தா என்ன?"

"நொண்டணும்ல. எந்தக் காலுன்னு தெரிஞ்சாத்தானே நொண்ட முடியும்."

"சிரிப்பு வருதா உனக்கு? அவன் உன்ன ஒரு ஓவர்ல கண்டுபிடிச்சிடுவான். அவன் கண்டுபிடிச்சா கிராஃப்டன் கண்டுபிடிச்ச மாதிரி."

"ஆடாம உக்காந்தா மார்ல்பிட் கண்டுபிடிக்கும்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

அன்றைக்கு சைட்ஸ்கிரீன் தள்ளுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்ப்பது எனக்கு ஆகாது. வெள்ளை அடித்த தகரத் திரை, பழைய தள்ளுவண்டிச் சக்கரங்கள். பந்து வீசுகிறவனின் கைக்குப் பின்னால் அது இருந்தால்தான் ஆடுகிறவனுக்குப் பந்து தெரியும். இல்லையென்றால் பின்னாலிருக்கும் மகோகனி மரங்களின் இருட்டில் கலந்துவிடும். ஆடுகிறவர் கையை அசைக்கும் பக்கம் தள்ள வேண்டும்.

கிராஃப்டன் முதலில் ஆடி ஓரளவு எடுத்தது. எங்கள் முறை வந்தபோது டென்சில் நான்கு பேரைச் சாய்த்தான். மாமா இறங்கினார். இறங்கியதிலிருந்து அவர் செய்ததை ஊர் சாமர்த்தியம் என்று கொண்டாடியது. டென்சில் வீச வருகிற ஓவர்களில் எப்படியோ எதிர்முனையில் நிற்பார். முந்தைய ஓவரின் கடைசிப் பந்தில் ஒற்றை ரன் ஓட மாட்டார். டென்சிலின் ஓவருக்கு இளம் பையன்கள் மாட்டிக்கொள்வார்கள். மற்றவர்களின் பந்துகளை மட்டும் கதவைத் திறந்து திறந்து அடித்தார்.

"அனுபவம்ப்பா அனுபவம்" என்றார் எல்ரிக். "நல்லாருக்கறத மட்டும் தின்னுட்டு முள்ளத் தள்ளி வைக்கிறான்."

அத்தை மர நிழலில் பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. டென்சில் பந்தை வாங்கும்போதெல்லாம் அவள் கை பஸ்ஸின் கதவுப் பிடியைத் தேடிப் பிடித்துக்கொள்ளும்.

கடைசி ஓவர் வந்தது. எங்களுக்கு எட்டு ரன் வேண்டும். ஒரே ஜோடிதான் மீதம்: மாமாவும், மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே சந்தேகப்படுகிற ஆஸ்பர்னும். பந்து டென்சிலின் கையில். இந்த முறை எதிரே நிற்பது மாமா.

டென்சிலின் கைக்குத் திரை சரியான இடத்தில் இல்லை. இதே முனையிலிருந்து கடைசியாக வீசியவனுக்காக மறுபக்கம் தள்ளி வைத்திருந்தேன். மாமா கையைக் காட்டுவார் என்று தகரத்தில் தோளைக் கொடுத்துக் காத்திருந்தேன். அவர் காட்டவில்லை. மரக் கூட்டத்தை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டென்சில் அம்பயருக்குப் பின்னாலிருந்து தாவினான். பந்து மரங்களின் இருட்டிலிருந்து வந்தது. மாமாவின் கால் குறுக்கே விழுவதற்குள் அது ஆஃப் ஸ்டம்பை உரசாமல் உரசிக்கொண்டு கீப்பரின் கையில் அடித்தது. மைதானம் முழுவதும் ஒரே மூச்சு.

டென்சில் திரும்பித் திரையைப் பார்த்தான். பிறகு மாமாவைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"ஏம்மா, அந்தத் தகரத்த இந்தப் பக்கம் தள்ளு" என்றான். "அவன் கேக்க மாட்டான் போல."

தள்ளினேன். எந்த பேட்ஸ்மேனும் அந்த இருட்டில் ஒரு பந்துகூட ஆடச் சம்மதிக்க மாட்டான் என்பது டென்சிலுக்குத் தெரியும்.

அடுத்த பந்தை அவன் வேண்டுமென்றே மெதுவாக வீசினான். கிரீஸின் கடைசி ஓரத்திலிருந்து, உயரமாக, சந்தில் ஆடும் பிள்ளைகூட அடித்துவிடக்கூடிய பந்து. அது வளைந்து வந்ததை மைதானம் முழுவதும் பார்த்தது. மாமாவின் மட்டை அசையவில்லை. பந்து அவர் இடது தோளில் வந்து விழுந்தது. அதற்குப் பிறகுதான் அவர் திடுக்கிட்டார்.

"கதவு தூங்கிடுச்சு" என்று கிராஃப்டன் பக்கத்திலிருந்து ஒருவன் கத்தினான்.

நான் ஐஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டென்சிலும் வந்தான். மரியாதைக்கு விசாரிக்க வருகிறான் என்று அம்பயர் ஸ்கீட் சார் ஒதுங்கி நின்றார். தோளில் ஐஸை வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். டென்சில் மாமாவின் இடப்பக்கம் நின்று, இடுப்பளவில் கையை நீட்டினான்.

"எத்தனை விரல், கார்லைல்?"

மாமா நேராகவே பார்த்தார். "போய்ப் பந்தப் போடு."

"ஒரு விரல்கூட நீட்டல. மூடித்தான் வெச்சிருக்கேன்."

"உனக்கு என்ன வேணும், டென்சில்?"

டென்சில் தொப்பியைக் கழற்றித் திருப்பிப் போட்டான். கேலி இல்லாத குரல் வந்தது.

"என் பொண்ணு நெரிஸா தெனம் காலைல உன் வண்டிலதான் ஸ்கூலுக்குப் போறா. இடது பக்கம், வாசல்கிட்ட உக்காருவா. சீக்கிரம் எறங்கலாம்னு."

மாமா மட்டையைத் தரையில் ஊன்றினார்.

"நான் யார்கிட்டயும் போய்ச் சொல்லப் போறதில்ல" என்றான் டென்சில். "நாளைக்குக் காலைல அவள ஏத்திவிடவா, வேணாமா? அத மட்டும் சொல்லு."

"விளையாட்டு நடக்குதா, கல்யாணப் பேச்சா?" என்று ஸ்கீட் சார் கூப்பிட்டார். டென்சில் பந்தைத் தேய்த்துக்கொண்டே அம்பயருக்குப் பின்னால் போய்விட்டான். நான் ஐஸை எடுத்துக்கொண்டு எல்லைக்கோட்டுக்கு ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது மாமா இன்னும் கிரீஸுக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தார். மர நிழலில் அத்தை நிற்கும் இடத்தை, கழுத்தை முழுவதும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு நடந்து வந்து ஸ்டம்புகளுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். கைகளை மாற்றிப் பிடித்தார். வலது தோளை முன்னால் காட்டி, உடம்பை ஒருக்களித்து, இடது கை ஆட்டக்காரராக நின்றார். கதவு இல்லை. பல வருடம் முன்னால் நான் பார்த்த அதே கார்லைல் மாமா, கண்ணாடியில் தெரிவதைப் போல.

அம்பயர் கையை உயர்த்தி நிறுத்தினார். "இயர்வுட், இது என்ன?"

"இடது கை, சார்."

"நெஜமாவா?"

"ஆமா சார். இனி இப்படித்தான்."

மார்ல்பிட் பக்கம் சிரிப்பில் வெடித்தது. காரணம் எங்கள் சந்துகளில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். பெரியவன் ஒருவன் சின்னப் பிள்ளைகளோடு சந்தில் ஆடினால் மாற்றுக் கையால்தான் ஆட வேண்டும், அது சட்டம். மாமா கெட்டிக்காரராக இருந்ததால் பன்னிரண்டு வயதிலிருந்தே அந்தச் சட்டத்தில் மாட்டியவர். சந்தில் அவர் ஆடியது பெரும்பாலும் இடது கையால்தான். ஆனால் ஒரு இறுதி ஆட்டத்தில், வளர்ந்த ஆண்மகன் பந்து வீசும்போது ஒருவர் மாற்றுக் கைக்கு மாறினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"டென்சிலுக்குப் பால் புட்டி கொண்டுவாங்கடா" என்று எல்ரிக் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினார்.

"தம்பி, மெதுவாப் போடு, மாமாவுக்கு வயசாச்சு."

"டயப்பர் மாத்திட்டு ஓடி வா, டென்சில்."

கிராஃப்டன் கேப்டன் சிவந்த முகத்தோடு ஃபீல்டர்களை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் விரட்டினான். மைதானத்தில் கோபம் இல்லாமல் நின்ற கிராஃப்டன்காரன் டென்சில் ஒருவன்தான். அவன் கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. மாமா நல்ல கண்ணை முன்னால் கொண்டுவந்து, தனக்கு எந்தப் பக்கம் தெரியவில்லை என்பதை எல்லோர் முன்னிலையிலும் அவனுக்குக் காட்டிக்கொண்டு நின்றார். அத்தையும் புரிந்துகொண்டாள். கதவுப் பிடியை விட்டுவிட்டு எல்லைக்கோடு வரைக்கும் வந்துவிட்டாள்.

பதில் வந்ததற்காக டென்சில் சலுகை காட்டவில்லை. மூன்றாவது பந்தை அதுவரைக்கும் வீசாத வேகத்தில் வீசினான். மாமா அதைப் பார்த்தார். அவர் தலை பந்தோடு திரும்பியதை நான் திரைக்குப் பக்கத்திலிருந்து பார்த்தேன். காலுக்குப் பக்கத்தில் தட்டிவிட்டு இரண்டு ரன் ஓடினார்கள். நான்காவது பந்தைக் கரும்பு வெட்டுகிற வீச்சில் இழுத்தார். அழகே இல்லாத அடி. பந்து தேங்காய் விற்கிறவரின் வண்டிக்கு அடியில் போய் நின்றது. நான்கு.

"இப்ப அழுவான் பாரு" என்றது எல்ரிக்கின் குரல்.

ஐந்தாவது பந்து மட்டையைத் தாண்டிப் போயிற்று. ஆஸ்பர்ன் பாதி ஓடிவிட்டுத் திரும்பி விழுந்து எழுந்தான். அவன் முட்டியில் ரத்தம். மாமா அவனைப் பார்த்து, "நான் சொன்னா ஓடு. சொல்லாட்டி அங்கேயே நில்லு" என்றார்.

ஒரு பந்து, இரண்டு ரன். டென்சில் அம்பயரின் முதுகுக்குப் பின்னால் மறைந்தான், வெளியே தாவினான், சுழன்றான். பந்து உள்ளே வந்தது. மாமா அதை இடப்பக்கமாகத் தள்ளிவிட்டு, "ஓடு" என்று கத்தினார்.

தள்ளிவிட்ட பந்து அவருக்குத் தெரியாத பக்கத்தில் இருந்தது. ஃபீல்டர் எடுத்துவிட்டானா, இரண்டாவது ரன் உண்டா என்று பார்க்க வேண்டுமானால் கழுத்தை முழுதாகத் திருப்ப வேண்டும். திருப்பினால் ஒரு ரன்னோடு சரி. அவர் திருப்பவில்லை. எதிரே ஸ்டம்புக்குப் பக்கத்தில் எறிதலுக்காகக் கை நீட்டி நின்ற டென்சிலின் முகத்தையே பார்த்துக்கொண்டு ஓடினார். டென்சிலின் கண்கள் பந்தோடு போயின. திடீரென்று அவன் உதடு சுளித்தது. ஃபீல்டரின் கைக்கு அடியில் பந்து நழுவிவிட்டது. அதை மாமா டென்சிலின் முகத்தில்தான் பார்த்தார். மட்டையைக் கோட்டில் வைத்த அதே அசைவில் திரும்பி, "இன்னொண்ணு" என்றார்.

எறிதல் டென்சிலிடம் வந்தபோது ஆஸ்பர்ன் வயிற்றில் சறுக்கிக்கொண்டு வந்தான். டென்சில் ஸ்டம்பை இடித்தான். ஸ்கீட் சார் குனிந்தவர் நிமிர ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். அவுட் இல்லை என்று தலையை ஆட்டினார்.

அதற்குப் பிறகு எங்கள் ஊர் உள்ளே ஓடியது. மாமாவைத் தூக்கியவர்கள் இடது தோளில் அடிபட்டிருந்ததை மறந்தே போனார்கள். கூட்டத்தின் ஓரத்தில் டென்சில் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவனைக் கடந்த ஒவ்வொருவனும் ஒரு பால் புட்டிப் பேச்சை விட்டுப் போனான். மாமாவின் கண்ணைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனை வாயும் அடைத்துப் போயிருக்கும். காலணியிலிருந்த மண்ணை மட்டும் தட்டினான்.

மாமா கீழே இறங்கி அவனிடம் போனார். நான் ஐஸ் டப்பாவோடு பின்னால் போனேன்.

"நாளைக்கு ஏத்திவிடு" என்றார்.

டென்சில் நிமிர்ந்து பார்த்தான். "சரி. நானும் வந்து பார்க்கறேன்."

"வந்து பாரு."

பஸ்ஸுக்குப் பக்கத்தில் அத்தை நின்றாள். ரம் கடைக்குப் போகிற கூட்டம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. மாமா சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

"வீட்டுக்கு நீ ஓட்டு."

"வீட்டுக்கு மட்டுமா?"

மாமா பஸ்ஸின் நெற்றியில் மஞ்சள் மேல் நீலத்தில் எழுதியிருந்த தன் பெயரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கிராஃப்டனுக்கும். ஸ்பைட்ஸ்டவுனுக்கும். எல்லாத்துக்கும்" என்றார். "ஆனா பாட்டு நான்தான் போடுவேன்."

அவள் சாவியை வாங்கிக்கொண்டாள். ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலையாக இருக்கையை முன்னுக்கு இழுத்தாள். அது பல வருடமாக நகராமல் துருப்பிடித்திருந்தது; முற்றத்தில் எடுக்கும்போது அவள் நுனியில் உட்கார்ந்தே சமாளித்திருந்தாள். மாமாவும் நானும் பின்னாலிருந்து தள்ள வேண்டியிருந்தது.

திங்கள் காலை ஏறினவர்கள் சும்மா இருப்பார்களா? ஓட்டுகிற இடத்தில் அத்தையையும் வாசலில் மாமாவையும் பார்த்துவிட்டு ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்கள். கோப்பை வாங்கினதும் வேலை செய்யப் பிடிக்கவில்லையா என்றார்கள். தோள் வலி என்றார் மாமா சிலரிடம். பின்னால் இருந்த கிழவர் கேட்டபோது மட்டும், "இடது கண்ணு தெரியல, சார்" என்றார். கிழவர் நல்ல வேடிக்கை என்று நினைத்துத் தொடையில் தட்டிச் சிரித்தார். ஆனால் அடுத்த நிறுத்தம் வரைக்கும் சிரித்துவிட்டு, பிறகு சிரிப்பதை நிறுத்தி நடைபாதைக் கற்களைப் பார்க்க ஆரம்பித்தார்.

சந்தின் முனையில் பிள்ளைகள் பள்ளிக்கு முன்பே ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் இடது கையால் நின்றுகொண்டிருந்தார்கள். வாசலில் ஏறிய பிளென்மன் சார் அதைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். உள்ளே போய்க் கண்ணை மூடி உட்கார்ந்துகொண்டார்.

கிராஃப்டன் நிறுத்தத்தில் டென்சில் நின்றுகொண்டிருந்தான். மீன் செதில் ஒட்டிய சட்டை. பக்கத்தில் அவன் உயரத்துக்கு வளர்ந்த பெண், அப்பா எதற்காக வந்து நிற்கிறார் என்று புரியாமல் வெட்கப்பட்டுக்கொண்டு. நெரிஸா ஏறி வழக்கமான இடத்தில், வாசலை ஒட்டி உட்கார்ந்தாள். டென்சில் சன்னல் வழியாக ஓட்டுகிறவரின் இருக்கையைப் பார்த்தான். அத்தை முன்னால் பார்த்தபடி இருந்தாள். அவனுடைய ஒரு கை மட்டும் வண்டியின் பக்கத்தில், பெண்ணின் சன்னலுக்குக் கீழே, பதிந்திருந்தது.

"இடது?" என்று கேட்டாள் அத்தை.

மாமா வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உடம்பை வெளியே நீட்டினார். கழுத்தை முழுவதும், தாடை தோளில் இடிக்கிற வரைக்கும் திருப்பிப் பின்னால் பார்த்தார்.

"இரு, டென்சில் இன்னும் கைய எடுக்கல" என்றார்.

வண்டி கிளம்பாமல் நின்றது. பின்னால் யாரோ அலுத்துக்கொண்டார்கள். டென்சில் கையை எடுத்து, ஓரடி பின்னால் போனான்.

"இப்ப சரி" என்றார் மாமா.